லாடி பார்டக் கையைப் பாக்கெட்டில் வைத்தார்

டாட்ஸனில் ஒரு வீட்டு வேலி முழுக்க "விற்பனைக்கு" என்று எழுதியிருக்கும். பலகைக்குப் பலகை அதே வார்த்தை. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் அவசரமாகப் பூசிய சாயம் கண்ணீர் மாதிரி வழிந்து காய்ந்திருக்கும். வெளியூர்க்காரர் யாராவது காரை நிறுத்தி விலை விசாரித்தால் கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்.

"வீடு விக்கறதுக்கு இல்ல. வேலியும் இல்ல. வழியைப் பார்த்துப் போங்க."

அது லாடி பார்டக்கின் குரல். டாட்ஸன் கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தடுப்பாட்டப் பயிற்சியாளர். அணிக்குப் பெயர் கொக்குகள். கொக்குக்கும் லாடிக்கும் உருவத்திலேயே ஒரு உறவு உண்டு. நீளக் கால், நீளக் கழுத்து, எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற குணம்.

பலகைகள் எப்படி வந்தன என்றால், ஊர்க்காரர்களின் அன்பளிப்பு. எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பயிற்சியாளர் வீட்டுப் புல்தரையில் ஒரு "விற்பனைக்கு" பலகை முளைத்துவிடும். மூட்டையைக் கட்டு என்று முகத்துக்கு நேரே சொல்ல எல்லாருக்கும் கூச்சம். அதே ஆளைப் பத்து மணிக்கு சர்ச்சில் பார்த்துக் கைகுலுக்க வேண்டுமே. மற்ற பயிற்சியாளர்கள் பலகையைப் பார்த்ததும் முகம் செத்து, யாரும் பார்க்கும் முன் அதைக் கார் கொட்டகையில் ஒளித்துவைப்பார்கள். லாடி சுத்தியலோடு வெளியே வந்தார். "நல்ல மரம். ஆணி நல்லாப் பிடிக்குது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வேலியில் அடித்தார். ஊருக்கு ரோஷம் வந்தது. மேலும் பலகைகள் நட்டார்கள். வேலி நீண்டது.

முதல் பலகை, பக்கத்து ஊர் கிரேடி கல்லூரியிடம் ஒரு வருஷத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்றதற்காக வந்தது. அந்தத் தோல்விக்கு லாடிதான் காரணம் என்று ஊர் சொன்னது. உண்மையைச் சொன்னால், லாடிதான் காரணம்.

எங்கள் ஊர் ஃபுட்பால் காலால் உதைக்கிறது இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எதிரி வருவான். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் போய்விட்டால் அவனுக்கு மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். போகவிடாமல் மடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, முந்திக்கொண்டு பாய்ந்து பந்து வைத்திருக்கிறவன் கழுத்தைப் பிடிப்பது. பிடித்தால் கேலரி எழுந்து ஆடும். தவறவிட்டால் நீங்கள் பாய்ந்து வந்த ஓட்டை வழியாகவே அவன் உள்ளே போய்விடுவான். இன்னொன்று, அவன் நுழையக்கூடிய இடைவெளிகளை ஆளுக்கொரு சந்து என்று பிரித்துக் கொடுத்து, அதை விட்டு நகராமல் நிற்பது. பந்தோடு வருகிறவன் இந்தச் சந்தைப் பார்ப்பான், ஆள் நிற்கும். அந்தச் சந்தைப் பார்ப்பான், ஆள் நிற்கும். பக்கவாட்டில் ஓடி ஓடி, கடைசியில் யார் மடியிலாவது விழுவான். இது லாடியின் வழி. பார்க்க ரசமாக இருக்காது. யாராவது சுவர் கட்டுவதை டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்களா?

அந்தக் கிரேடி ஆட்டத்தின் கடைசி முயற்சியில் கேலரியே ஒரே குரலாகக் கத்தியது: "ஆள் அனுப்பு லாடி! ஆள் அனுப்பு!" லாடி அனுப்பவில்லை. ஆட்களை நிற்கவைத்தார். கிரேடிக்காரன் நின்றவர்கள் தலைக்கு மேலே பந்தை வீசிவிட்டான். முடிந்தது. அதற்கப்புறம் தானியக் கிடங்கு யூஜின் அவரை எங்கே பார்த்தாலும், தபால் ஆபீஸ் வரிசையில்கூட, "வரிசை நகரல, ஆள் அனுப்பு லாடி" என்பார்.

"நீ வா யூஜின், உன்னையே அனுப்பறேன்" என்பார் லாடி. இரண்டு பேரும் இதில் சளைத்ததே இல்லை.

லாடிக்கு இந்த நிற்கிற பைத்தியம் மைதானத்தில் பிடித்ததில்லை. வாழ்க்கையில் பிடித்தது. ஃபுட்பால் பயிற்சியாளர் பிழைப்பு சர்க்கஸ்காரன் பிழைப்பு மாதிரிதான், யானை மட்டும் கிடையாது. தலைமைப் பயிற்சியாளரைத் துரத்தினால் அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டும். லாடியும் டெல்லாவும் கல்யாணமானதிலிருந்து ஊர் ஊராக உருண்டார்கள். மகள் ஐந்தாம் வகுப்பை மூன்று ஊரில் படித்தாள். மூன்று ஊரிலும் போன அன்று பின்னக் கணக்கில்தான் ஆரம்பித்தார்கள். அவளுக்கு இன்றைக்கும் பின்னம் மட்டும்தான் தெரியும்.

பயிற்சியாளர் மனைவிகள் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். எப்படியும் அடுத்த வருஷம் பிடுங்க வேண்டும். கல்யாணப் போட்டோ தரையில், சுவரில் சாய்ந்தபடிதான் நிற்கும், வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி. டாட்ஸனுக்கு வந்தபின் டெல்லா ஒருநாள் அந்தப் போட்டோவைத் துடைத்துக்கொண்டே, "லாடி, நம்ம மூஞ்சிய நான் எப்பவும் குனிஞ்சேதான் பார்க்கணுமா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள்.

அந்த வாரமே டாட்ஸனில் அப்போதிருந்த தலைமைப் பயிற்சியாளரைத் துரத்தினார்கள். லாடி நேராக வீட்டுக்கு வந்து, ஹாலில் ஆணி அடித்துப் போட்டோவை மாட்டினார். கொஞ்சம் கோணல். கொல்லையில் ஆப்பிள் கன்று நட்டார். ஊரே சிரித்தது. பயிற்சியாளன் மரம் நடுவானா? காய்க்கும்போது அவன் எந்த ஊரில் இருப்பானோ!

புது ஆள் வந்தால், பழைய உதவியாளர்கள் எல்லாரும் தங்கள் அறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். யார் சாவி திரும்பக் கிடைக்கிறதோ அவருக்கு வேலை. லாடி சாவியை வைக்கவில்லை.

"சாவி எங்கே மிஸ்டர் பார்டக்?"

"வீட்ல மறந்துட்டேன்."

அடுத்த தலைமைப் பயிற்சியாளரிடமும் மறந்தார். அதற்கடுத்தவரிடமும். அவர்களில் ஒருவர் ஆட்டத்துக்கு முன்னால் ஜெபித்து அழுவார். ஒருவர் ஆட்டத்துக்குப் பின்னால் அழுவார். ஒருவர் இப்போது டிராக்டர் விற்கிறார், நன்றாகவே விற்கிறார். லாடி மட்டும் மறதிக்காரராக அப்படியே இருந்தார். ஆப்பிளும் காய்த்தது. புளிப்புதான், ஆனாலும் காய்த்தது.

பாக்கெட் விஷயம் அந்தக் காலத்தில் உருவானது. ஆட்டத்தின்போது மைதானக் கோட்டோரத்தில் மாணவர்கள் படம் போட்ட பலகைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். வாணலிப் படம் என்றால் ஒரு வியூகம், பூசணிக்காய் என்றால் ஒரு வியூகம். எதிரணியும் சும்மா இருக்காது. அதைப் படம் பிடித்து, வாரம் முழுக்க உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். லாடிக்கு அந்தச் சமையல்கட்டே பிடிக்காது. அவருடைய சமிக்ஞை ஒன்றுதான். இரண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றால், "பலகையில் என்ன இருந்தால் என்ன, அவனவன் சந்தில் நில்" என்று அர்த்தம். சோம்பேறி மாதிரி நிற்கிற கிழவனை எவன் படம் பிடிப்பான்? இத்தனை வருஷத்தில் ஒரு எதிரணிகூடக் கண்டுபிடிக்கவில்லை. நம்ம தலைமைப் பயிற்சியாளர்களே கண்டுபிடிக்கவில்லை.

பிறகு ட்ரென்ட் கோல்பி வந்தார்.

ஃப்ளோரிடாக்காரர். வயசு கம்மி, பல் வெள்ளை, பேச்சு மின்விசிறி வேகம். மனைவி மரிசாவுக்கு அப்போது வயிற்றில் நாலோ ஐந்தோ மாதம். வந்த அன்று அணியோடு மதியச் சாப்பாடு. இந்தப் பக்கத்தில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரமான சில்லியோடு, பட்டை மணக்கும் இனிப்பு சினமன் ரோலைத் தோய்த்துத்தான் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். கோல்பி பார்த்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"என்னப்பா பண்றீங்க? கேக்கை எடுத்துக் குழம்புல முக்கறீங்க?"

"சாப்டுப் பாருங்க கோச்" என்றான் வேட் சிமெக். நடுவில் நின்று தடுப்பாட்டத்தை நடத்துகிறவன், அணித் தலைவன், ஊரில் நடக்கிற பாதிச் சேட்டைக்கு அவன்தான் முதலாளி.

"செத்தாலும் மாட்டேன்."

சாவி விஷயத்திலும் கோல்பி வேறு மாதிரி. லாடி மறந்துவிட்டதாகச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அந்தக் கதை எனக்குத் தெரியும் சார். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா தடுப்பாட்டம் இனிமே என்னுது. எல்லாரும் பாயணும். ஒவ்வொரு தடவையும் பாயணும். நிக்கறதுன்னு ஒண்ணு என் ஆட்டத்துல கிடையாது."

"கிடையவே கிடையாதா?"

"கிடையாது. இன்னொண்ணு, என் கோட்டோரத்துல யாரும் பாக்கெட்ல கை வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. பார்க்கவே தூங்குமூஞ்சியா இருக்கு. எல்லார் கையும் வெளிய இருக்கணும், தட்டணும், துள்ளணும்."

கூட்டத்தில் இருந்த வேட் சிமெக் தும்மினான். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன் பூட்டின் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டார் என்று அந்த மனுஷனுக்கே தெரியவில்லை. லாடி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு காரணம் கொழுப்பு. இன்னொரு காரணம் டெல்லா.

அன்று காலை கிளம்பும்போது அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இந்தத் தடவையாவது வாயை மூடிட்டு இரு. அந்தப் பிள்ளைக்குக் குழந்தை பிறக்கப் போகுது. முதல் வருஷம். சண்டை போடாத."

"நான் எப்ப சண்டை போட்டேன்?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினார். அதனால் அந்த வருஷம் முழுக்க லாடியின் கைகள் வெளியே இருந்தன. எங்கே வைப்பதென்று அவருக்கே தெரியாது. தட்டச் சொன்னால் தட்டினார், கொசு அடிக்கிற மாதிரி இருந்தது.

முதல் சில ஆட்டங்களில் பாய்ச்சல் நன்றாகத்தான் இருந்தது. யூஜின் சந்தோஷத்தில் குரல் போய்க் கஷாயம் குடித்தார். "பார்த்தியா லாடி? ஆள் அனுப்பினா இப்படித்தான்!" அப்புறம் எதிரணிகள் விஷயத்தைப் பிடித்துவிட்டன. பாய்ந்து வருகிறவனை வரவிட்டு, அவன் விட்டுவந்த இடத்தில் பந்தைப் போட்டார்கள். வரிசையாகத் தோல்வி. ஒவ்வொரு தோல்விக்கும் கோல்பி இன்னும் ஒரு ஆளைச் சேர்த்துப் பாயவிட்டார். பயந்தவன் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுகிற மாதிரி.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாடி நடக்கப் போனபோது, கோல்பி வீட்டுப் புல்தரையில் பலகை நின்றது. சிவப்பு எழுத்து. ஜன்னலில் மரிசா. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்த்துவைத்த போட்டோ ஒன்று தெரிந்தது.

லாடிக்கு அந்தப் போட்டோவின் கோணம் நன்றாகத் தெரியும்.

பலகையைப் பிடுங்கினார். தொப்பியை லேசாகத் தொட்டு, "மன்னிச்சுக்கம்மா, இது என் வீட்டுக்கு வந்தது. வீடு மாறி நட்டுட்டாங்க" என்றார். அவள் நம்பவில்லை. ஆனாலும் சிரித்தாள். லாடி அதைத் தோளில் வைத்துக்கொண்டு, சர்ச்சுக்குப் போகிற ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்க, நடுத்தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தார். வழியில் யூஜின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் விரலில் சிவப்புச் சாயம் இருந்தது.

கடைசி ஆட்டம் கிரேடியோடு. வியாழக்கிழமை கோல்பி லாடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தூங்காத கண்.

"ஒரே தடவை, ஒரு ஆட்டத்துல, பசங்கள நிக்கவிடு தம்பி. கிரேடி நம்ம பாய்ச்சலுக்குன்னே காத்துட்டிருக்கான்" என்றார் லாடி. வருஷத்தில் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"மாட்டேன். தோத்தா என் ஆட்டத்தோட தோக்கறேன். உங்க ஆட்டத்தோட ஜெயிச்சா அப்புறம் நான் எதுக்கு இங்க?" கோல்பி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமை நான் சொல்றத மட்டும் செய்யுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சாவியைக் கொண்டுவந்து கொடுத்துடுங்க. மறந்துட்டேன்னு சொன்னா பூட்டையே மாத்திடுவேன்."

லாடி வீட்டுக்கு வந்து டெல்லாவிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, காற்று கத்தி மாதிரி வீசியது. லாடி கிளம்பும்போது டெல்லா பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தாள். பாக்கெட்டுகளின் ஓட்டைகளைப் புதிதாகத் தைத்திருந்தாள். கோட்டை மாட்டிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டு, இரண்டு பாக்கெட்டையும் தட்டினாள்.

"ரொம்பக் குளிரா இருக்கு. கையை உள்ள வெச்சுக்கோ."

"சத்தியம் வாங்கினியே?"

"அது வெயில் காலத்துல வாங்கினது."

லாடி ஹாலைத் திரும்பிப் பார்த்தார். போட்டோ கோணலாக மாட்டியிருந்தது. அதை நேராக்கலாமா என்று நினைத்தார். அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

முதல் பாதி அசிங்கம். கோல்பி பாயவிட்டார், கிரேடிக்காரர்கள் வரவிட்டார்கள், பந்து பின்னால் விழுந்தது. ரெமி என்று ஒரு பையன், கோல்பி தெற்கேயிருந்து கூட்டிவந்தவன், புயல் மாதிரி பாய்ந்து ஒவ்வொரு தடவையும் காற்றைக் கட்டிப்பிடித்தான். கேலரி மௌனமாகிவிட்டது. திட்டினால்கூடத் தாங்கலாம், இந்த ஊர் மௌனமானால் பலகைக்கு மரம் அறுக்கிறது என்று அர்த்தம். இடைவேளையில் பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தோம்.

இரண்டாம் பாதி. கிரேடியிடம் பந்து. மாணவர்கள் பலகையைத் தூக்கினார்கள்: வாணலி. வாணலி என்றால் எல்லாரும் பாய வேண்டும். வேட் சிமெக் பலகையைப் பார்த்தான். பழக்கத்தில் ஒரு தடவை லாடியையும் பார்த்தான். வருஷம் பூராவும் பார்த்து ஏமாந்த பார்வை.

லாடி காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். மெதுவாக இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டார்.

வேட் ஹெல்மெட்டுக்குள் சிரித்தது கேலரிவரைக்கும் தெரிந்தது. இரண்டு பக்கமும் திரும்பி ஏதோ கத்தினான். பத்து பேர் குதிகாலை மண்ணில் ஊன்றினார்கள். ரெமிக்கு ஒன்றும் புரியவில்லை. பந்து அசைந்ததும் பாய்ந்தான். பாதி தூரம்கூடப் போகவில்லை. வேட் அவன் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பிடித்து, கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி இழுத்து அவன் சந்தில் நிறுத்தினான்.

"விடுடா! பலகையில வாணலிடா!"

"இன்னிக்கு சமையல் இல்ல. நில்லு!"

கிரேடிக்காரன் பந்தோடு வந்தான். சந்தைப் பார்த்தான், ஆள். அடுத்த சந்து, ஆள். திகைத்து நின்றவன்மேல் ரெமியே விழுந்தான். எழுந்தபோது ரெமிக்கே ஆச்சரியம். வருஷத்தில் முதல் தடவையாக அவன் கையில் காற்று இல்லாமல் ஆள் இருந்தான்.

கோல்பி கோட்டோரமாக ஓடிவந்தார்.

"கையை வெளிய எடுங்க!"

"குளிருது தம்பி."

"பசங்க உங்க கையைப் பார்த்துத்தான் நிக்கறாங்களா? இவ்ளோ நாளா இதுதானா?"

"இவ்ளோ நாளா இல்ல. நீ வந்ததுலேர்ந்து வெளியதான் இருந்துச்சு. நீதான் எடுக்கச் சொன்ன."

"இது என் உத்தரவு சார்!"

"காதுல விழுது. கைக்குத்தான் விழல."

கோல்பியின் வெள்ளைப் பல் தெரிந்தது, சிரிப்பில் இல்லை. லாடியைப் பிடித்துத் தள்ளவா முடியும், நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். வேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேட் கண்ணுக்கு மேலே கையை வைத்து, வெயில் கூசுகிறது என்று ஜாடை காட்டினான். வானத்தில் மருந்துக்குக்கூட வெயில் இல்லை.

அதற்கப்புறம் கிரேடிக்குப் புள்ளியே கிடைக்கவில்லை. நம்ம ஆட்கள் பந்து கிடைத்தபோதெல்லாம் வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் நாலே புள்ளி முன்னால் வந்துவிட்டார்கள். அப்போது கிரேடியிடம் கடைசியாக ஒரு முயற்சி. எங்கள் எல்லைக் கோட்டுக்கு இரண்டு கஜம். கோட்டைத் தொட்டால் ஆட்டம் அவர்களுக்கு.

கேலரி எழுந்தது. யூஜின் குரல் தனியாகக் கேட்டது: "ஆள் அனுப்பு லாடி! இப்பவாவது அனுப்பு!" பிறகு எல்லாரும் சேர்ந்து. முதல் பலகை வந்த வருஷத்தின் அதே சத்தம், அதே மூலை, அதே கிரேடி. அன்றைக்கு நிற்கவைத்துத் தோற்றவர் லாடிதான். இன்றைக்கும் தோற்றால் பிடிவாதக் கிழவன் என்ற பேர் மட்டும் மிஞ்சும், வேலை போகும், ஹால் சுவரில் ஒரு ஆணித் துளை மிஞ்சும். புதிதாகத் தைத்த பாக்கெட்டுக்குள் கை வேர்த்துக் கொட்டியது. இடது கை தானாக மேலே வரப் பார்த்தது. உள்ளேயே முஷ்டி பிடித்து நிறுத்தினார்.

வேட் அவரைப் பார்த்தான். லாடி அசையவில்லை.

பதினோரு பேரும் நின்றார்கள். கிரேடிக்காரன் பந்தைக் கட்டிக்கொண்டு இடது பக்கம் ஓடினான், ஆள். வலது பக்கம் திரும்பினான், ஆள். மேலே வீசலாம் என்று கையைத் தூக்கினான். பின்னால் நின்றவர்களும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள், வீச இடமில்லை. ஓடி ஓடி அந்தப் பையன் கடைசியில் வேட் சிமெக் மடியில் வந்து விழுந்தான். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

சத்தத்தில் தானியக் கிடங்குப் புறாக்கள் பறந்தன. கோல்பி யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாடி கொல்லை வேலியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கோல்பி நடந்தே வந்தார்.

"சாவி எடுக்க வந்தியா?"

"ஆமா." கோல்பி கையை நீட்டவில்லை. "நேத்து ஜெயிச்சோம், சரி. ஆனா ஊர் பார்க்க நீங்க என் பேச்சை மீறிட்டீங்க. இதுக்கப்புறம் உங்களை வெச்சுக்கிட்டா எந்தப் பையன் என்னை மதிப்பான்? சொல்லுங்க."

"எவனும் மதிக்க மாட்டான்" என்றார் லாடி. "எடுத்துக்கோ. வேலிமேல தொங்கற அந்தக் கோட்டுப் பாக்கெட்லதான் இருக்கு. மன்னிப்பு மட்டும் கேக்காத, வராது. மறுபடி அதே ஆட்டம்னா மறுபடி அதேதான் பண்ணுவேன்."

கோல்பி கோட்டை நோக்கிப் போனவர் வேலிக்கு முன்னால் நின்றுவிட்டார். சிவப்பு எழுத்துப் பலகை. ஓரத்தில் யாரோ அவர் வீட்டு எண்ணையும் எழுதியிருந்தார்கள்.

"இது எங்க வீட்டுப் பலகை."

"வீடு மாறி நட்டது. என் வேலிக்கு ஒண்ணு குறைஞ்சுது."

கோல்பி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து எங்க போவீங்க சார்?"

"எங்கயும் போகமாட்டேன். அதத்தான் சொல்ல வந்தேன், நீ கேக்கல. வேலையை விட்டு நீ தூக்கலாம். ஊரை விட்டுத் தூக்க முடியாது. வீடு என்னுது. அடுத்த வருஷம் டிக்கெட் வாங்குவேன். கேலரில, வேட் கண்ணுக்கு நேரா, முதல் வரிசைல உக்காருவேன். குளிரும். குளிர்ந்தா நான் கையை எங்க வைப்பேன்னு உனக்கே தெரியும்."

கோல்பி திரும்பினார். கோபப்படலாமா என்று முகம் ஒரு கணம் யோசித்தது.

"எங்க உக்காந்தாலும் பார்ப்பானுங்களா?"

"சர்ச் கோபுரத்துல ஏறி நின்னாலும் பார்ப்பானுங்க."

"ரெமி?"

"அவன் காலைலயே வந்து கேட்டுட்டுப் போயிட்டான், எந்தச் சந்து தன்னோடதுன்னு."

கோல்பி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வந்ததிலிருந்து அந்த மனுஷன் சத்தம் போட்டுச் சிரித்து ஊரில் யாரும் கேட்டதில்லை.

"அப்ப வெளிய விடறதைவிட உள்ள வெச்சுக்கறதுதான் எனக்கு நல்லது" என்றார். "ஆனா பாயறது அடியோட போகக் கூடாது. எப்பப் பாயணும்னு நான் சொல்வேன்."

"சொல்லு. எப்ப நிக்கணும்னு பாக்கெட் சொல்லும்."

"பையனுங்க ரெண்டையும் பார்த்தா?"

"அப்ப நீயும் நானும் சண்டை போடுவோம். முன்கூட்டியே, வியாழக்கிழமையே போட்டுக்கலாம்."

டெல்லா கொல்லைக் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்க, ஆறிடும்." மேஜையில் சில்லி, பக்கத்தில் சினமன் ரோல். கோல்பி ரோலைத் தனியாகத் தின்றார். சில்லியைத் தனியாகத் தின்றார். லாடி தோய்த்துத் தின்பதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் இறங்கி வர்றேன் சார். இதுக்கு மட்டும் முடியாது."

"நான் எதுவும் சொல்லலியே."

கிளம்பும்போது கோல்பி ஹாலில் நின்று கோணல் போட்டோவைப் பார்த்தார். "மரிசா கேட்கச் சொன்னா, சுத்தியல் கிடைக்குமான்னு" என்றார் டெல்லாவிடம், கொஞ்சம் வெட்கத்தோடு. டெல்லா சுத்தியலைக் கொடுத்து, கை நிறைய ஆணிகளை அள்ளி அவர் கோட்டுப் பாக்கெட்டில் போட்டாள்.

அவர் தெருவில் இறங்கி நடந்தார். ஒரு கையில் சுத்தியல். ஆணிகள் குலுங்கி வெளியே விழாமல் இருக்க இன்னொரு கை பாக்கெட்டுக்குள்.

லாடி வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"தம்பி! கையை வெளிய எடு! பார்க்கவே தூங்குமூஞ்சியா இருக்கு!"

கோல்பி திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.